மூன்றாம் மாடியில் சண்டை கிடையாது

அந்த வீட்டு வாசல் கதவைச் சாவி மட்டும் போட்டுத் திறந்துவிட முடியாது. சாவியைத் திருப்பும்போதே கைப்பிடியை மேலே தூக்க வேண்டும். தூக்கிக்கொண்டே முழங்காலால் கீழ்ப்பக்கம் ஒரு இடி கொடுக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக நடந்தால்தான் கதவு மனம் இரங்கும். அண்ணி வந்த புதிதில், கையில் காய்கறிப் பையோடு வெளியே நின்று, தூக்க வேண்டிய நேரத்தில் இடித்து, இடிக்க வேண்டிய நேரத்தில் தூக்கி, வியர்த்து விறுவிறுத்துப் போனாள். எதிர்வீட்டுக்காரர் வந்து ஒரே முட்டில் திறந்துவிட்டு, "புதுசாம்மா? பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு பழகத்தான் செய்தது. அந்த வீட்டில் இருப்பதுதான் பழகவில்லை.

அவளை அண்ணி என்று கூப்பிடுகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான், அவளுடைய கொழுந்தன். அவளுக்குக் கல்யாணமானபோது அவன் பள்ளிக்கூடப் பையன். தலை வாரிவிட்டு, பாடம் ஒப்பிக்க வைத்து, ஜுரம் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து அவனை ஆளாக்கியவள் அவள்தான். இப்போது அவனுக்கே பாதித் தலை நரைத்துவிட்டது. பஸ் டிப்போவில் மெக்கானிக். இன்னமும் அண்ணி எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டான். அவன் பெண்டாட்டி, அதாவது அண்ணிக்கு ஓரகத்தி, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் இவளை அக்கா என்று கூப்பிடுவாள். அவர்களுடைய ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டதால் காலியான அறை இப்போது அண்ணியின் அறை.

அண்ணிக்குப் பிள்ளை குட்டி இல்லை. புருஷன் போய் இரண்டு வருஷம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்த்தவள், போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். வேலை இருந்தவரை வீட்டின் அமைதி பெரிதாகத் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் அது அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன ஆரம்பித்தது. பகலெல்லாம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் கடையில் போய் "சோப்பு" என்று கேட்டால், குரல் கரகரவென்று வேறு யாரோ பேசுவதுபோல் வரும். அவளே திடுக்கிட்டுப் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தனும் ஓரகத்தியும் வந்து, "நீங்க எங்களோடதான் இருக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அண்ணி பெட்டியை எடுத்து வைத்தாள். அவளுக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் எலியும் பூனையும். போன் பண்ணினால் ஒருவர் எடுத்து "நல்லா இருக்கீங்களா" என்று கேட்கும்போதே, பின்னால் இன்னொருவர் காட்டுக் கத்தல் கத்திக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்துக்காகத்தான் அண்ணி கிளம்பி வந்தாள். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பழைய வீட்டின் சொந்தக்காரம்மா நல்ல மனுஷி. "மாசக் கடைசி வரைக்கும் வீட்டை யாருக்கும் விட மாட்டேன். போய் இருந்து பாருங்க. ஒத்து வரலைன்னா வந்துடுங்க" என்றாள். அண்ணி பாதிச் சாமானை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். ஆக, மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். இங்கேயா, திரும்பவும் அந்த ஊமை வீட்டுக்கா?

வந்த இடத்தின் கோணல்மாணல்களை அவள் ஆசையாகவே கற்றுக்கொண்டாள். சமையலறைக் குழாய் முதலில் இருமும், அப்புறம் காற்றைத் துப்பும், அதற்குப் பிறகுதான் தண்ணீரைப் பீய்ச்சும். எதிரில் நிற்கக் கூடாது. குளியலறைக் கதவு திறந்திருந்தால் ஃபிரிட்ஜ் கதவு திறக்காது. கூடத்து விளக்குக்கான சுவிட்சைப் போட்டால் அறையில் மின்விசிறி சுற்றும். மின்விசிறிக்கான சுவிட்சைப் போட்டால் ஒன்றும் ஆகாது. அதை யார், எதற்காக வைத்தார்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. லிஃப்ட் மூன்றாம் மாடிக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். இதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு வீட்டுக்கு இந்த மாதிரி நாலு கிறுக்குத்தனம் இருந்தால்தான் அதுவும் வீடு.

ஆனால் மனுஷர்களிடம் ஒரு கிறுக்குத்தனத்தையும் காணோம். அதுதான் தாங்கவில்லை. இரண்டு பேரும் தேனாக ஒழுகினார்கள். "அக்கா, நீங்க உக்காருங்க." "அண்ணி, நீங்க எதுக்கு இதெல்லாம்?" வெங்காயம் உரிக்கப் போனால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். துடைப்பத்தைத் தொட்டால் பாம்பைத் தொட்டதுபோல் பதறுவார்கள். டீ கொண்டுவந்து நீட்டும்போது ஓரகத்தி முகத்தில் விமானப் பணிப்பெண்ணின் புன்னகை. புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள் பேசிக்கொள்வதுகூட "உப்பு எடுங்க", "இந்தா", "நன்றிங்க" என்று ஏதோ மேடை நாடகம் மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய எந்தப் பெண்டாட்டி புருஷனிடம் உப்புக்கு நன்றி சொல்வாள்?

கையிலிருந்து யாரும் பிடுங்காத வேலை ஒன்று கிடைத்தது. துணி மடிப்பது. ஒரு நாள் இருவரும் வேலைக்குப் போயிருந்தபோது, கொடியில் காய்ந்த துணி அத்தனையையும் எடுத்து, ஆஸ்பத்திரிக் கணக்கில் மடித்துத் தள்ளினாள். சலவைப் பிரிவில் மடிப்பு என்றால் ஓரம் எதுவும் வெளியே தெரியக் கூடாது. கழுத்து, கை, காலர் எல்லாம் உள்ளே போய்விட வேண்டும். எல்லாமே ஒரே அளவில், செங்கல் அடுக்கியதுபோல் நிற்க வேண்டும். அப்படியே நின்றது. அவளுக்குப் பரம திருப்தி. வினை என்னவென்றால், டிப்போவில் அவனுக்கு நீலச் சீருடை, கண்ணாடிக் கடையில் அவளுக்கும் நீலச் சீருடை. மறுநாள் காலையில் கொழுந்தன் அவசரத்தில் ஒரு செங்கல்லை உருவிப் போட்டுக்கொண்டு ஓடினான். சாயங்காலம் மேல்சட்டையை இழுத்துப் பிடித்தபடியே திரும்பி வந்தான். நெஞ்சில் கண்ணாடிக் கடையின் பெயர் தைத்திருந்தது. பட்டன்கள் போன இடம் தெரியவில்லை.

அண்ணிக்கு வெட்கமாகப் போயிற்று. நல்லதாக ஒரு திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். விழவில்லை. "பரவால்ல அக்கா. எவ்வளவு அழகா மடிச்சிருக்கீங்க!" என்றாள் ஓரகத்தி, பல்லெல்லாம் தெரிய. கொழுந்தனும் தலையை ஆட்டினான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அண்ணிக்கு அழுகை வரும்போல் இருந்தது. திட்டியிருந்தால் இரண்டு வார்த்தை பதில் பேசியிருப்பாள்.

ஆக, அமைதி அவளை விட்டபாடில்லை. பழைய வீட்டிலிருந்து பெட்டிக்குள் போட்டு எடுத்து வந்த மாதிரி, அவளோடு கூடவே வந்து இங்கேயும் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது.

இன்னொன்றும் அவளை அரித்தது. தினமும் சாயங்காலம் இரண்டு பேரும், "காத்தாட கொஞ்சம் நடந்துட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்கள். மழை தூறினாலும் போனார்கள். பகலெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து எழுந்த மனுஷனுக்கு என்ன நடை? நம்மைப் பற்றிப் பேசத்தான் போகிறார்கள் என்று அண்ணி முடிவு கட்டினாள். வேறென்ன?

அப்படி அவர்கள் போயிருந்த ஒரு சாயங்காலம் சாரல் அடித்தது. குளியலறை ஜன்னலைச் சாத்தப் போனாள். அந்த ஜன்னல் வெளியே தெருவைப் பார்க்காது. மேலிருந்து கீழ்வரை குழாய்கள் ஓடும் ஒரு குறுகிய சந்தைப் பார்க்கும். சந்தின் அடியில்தான் ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடம். அங்கே ஒருவர் தும்மினால் மூன்றாம் மாடியில் துல்லியமாகக் கேட்கும். வீட்டின் இந்தக் குணம் மட்டும் இத்தனை வருஷமாகியும் கொழுந்தனுக்கும் ஓரகத்திக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் அங்கே போய் நின்றிருக்க மாட்டார்கள்.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அது என்ன மனுஷங்க படுக்கற இடமா, துணி காயப்போடற கொடியா?" ஓரகத்தியின் குரல். புன்னகை எல்லாம் கழற்றி வைத்த, அசல் குரல்.

"நீ மட்டும் என்ன ஒழுங்கா? இன்னிக்கு வரைக்கும் ஒரு பாட்டிலைச் சரியா மூடியிருக்கியா? எடுத்தா மூடி கையில வருது, பாட்டில் கால்ல விழுது!"

"மெதுவா கத்துங்க. அக்கா காதுல விழப்போகுது."

"அதுக்குத்தானே கீழ வந்து நிக்கறோம்!"

"காலையில கேக்க வேண்டியதைச் சாயங்காலம் வரைக்கும் வாய்க்குள்ளயே வெச்சிருக்கேன். நெஞ்சே அடைக்குது எனக்கு."

"எனக்கு மட்டும் இனிக்குதா? அண்ணி பாவம், அண்ணனைப் பறிகொடுத்துட்டு வந்திருக்காங்க. அவங்க முன்னாடி நாம கட்டிப் புரண்டா நல்லாவா இருக்கும்? மாசக் கடைசி வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

அண்ணி ஜன்னலைச் சாத்தாமலேயே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மாசக் கடைசி வரைக்கும். ஆக, இவர்களும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கோபம் வரவில்லை. மனசு வலித்தது. சொந்த வீட்டில் வாய்விட்டுச் சண்டை போட முடியாமல் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மூன்று மாடி இறங்கி, மழைச் சாரலில், ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று கத்திவிட்டு வருகிறார்கள். யாரால்? தன்னால். எந்தச் சத்தத்தைத் தேடி வந்தாளோ, அந்தச் சத்தத்தைத் தானே வீட்டைவிட்டு விரட்டியிருக்கிறாள்.

அவர்கள் மேலே வந்தபோது, "நல்லா நடந்தீங்களா?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு அக்கா" என்றாள் ஓரகத்தி. முகம் உண்மையிலேயே தெளிந்திருந்தது.

மறுநாள் விடுமுறை. மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஓரகத்தி பெரிய உருளைக்கிழங்குத் துண்டாகப் பொறுக்கி அண்ணியின் தட்டில் வைத்தாள். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கு நான் கிளம்பறேன்."

கொழுந்தன் கை அப்படியே நின்றது. "ஏன் அண்ணி? நாங்க ஏதாவது குறை வெச்சோமா?"

"ஒரு குறையும் இல்லப்பா. தலையில தூக்கி வெச்சுத் தாங்கறீங்க. ஆனா புருஷன் பொண்டாட்டி சண்டை போடறதுக்கு ஸ்கூட்டர் நிக்கற இடத்துக்குப் போகணும்னா, அந்த வீட்டுல மூணாவது ஆள் எதுக்கு? எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. குளியலறை ஜன்னல் வழியா அட்சரம் பிசகாம கேக்குது."

முதலில் வாய் திறந்தவன் கொழுந்தன்தான். "பாட்டில் மூடி பத்திச் சொன்னதுமா?" என்றான் பாவமாக.

ஓரகத்தி தட்டைத் தள்ளி வைத்தாள். "ஒட்டுக் கேட்டீங்களா?"

"நான் ஏண்டி ஒட்டுக் கேக்கறேன்? ஜன்னலைச் சாத்தப் போனேன்."

"போனவங்க சாத்திட்டு வர வேண்டியதுதானே? முழுசா கேட்டுட்டுத்தானே வந்தீங்க!"

கொழுந்தன் பெண்டாட்டியின் கையைத் தொட்டான். அவள் உதறினாள். ஒரு மாதமாக மூடி போட்டு வைத்திருந்த பாத்திரம், ஒரே அடியாகப் பொங்கிவிட்டது.

"சரி, நாங்கதான் நடிச்சோம். நீங்க இருந்த இருப்புக்கு என்ன பேரு? குளிச்சுட்டு உங்க சோப்பை டப்பாவுல போட்டு ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடறீங்க. சாப்பிட்ட கை காயறதுக்குள்ள தட்டைக் கழுவித் துடைச்சு வெச்சுடறீங்க. அலமாரியை முழுசா ஒழிச்சுக் குடுத்தேனே, அதுல ஒரு கைக்குட்டையாவது வெச்சீங்களா? இன்னும் பெட்டியிலேருந்துதான் எடுத்து உடுத்தறீங்க! லாட்ஜுல வந்து தங்கற மாதிரி தங்கினா, நாங்களும் லாட்ஜுக்காரங்க மாதிரிதானே இருக்க முடியும்?"

அண்ணிக்குச் சுரீர் என்றது. உண்மை என்பதால்தான் அவ்வளவு சுரீர்.

"ஓஹோ! நீ என்னை அடுப்படிக்குள்ள விட்டியா? ஒரு வெங்காயம் உரிக்க விட்டியா? அதையும் அந்தக் கத்தியை வெச்சுக்கிட்டு எப்படித்தான் உரிக்கறியோ! வெண்ணெய்கூட வெட்டாது அது."

"என் கத்தியை நீங்க எப்ப எடுத்தீங்க?"

"நீ வேலைக்குப் போனப்ப!"

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று ஓரகத்தி புருஷனைப் பார்த்தாள். "இவங்க துணி மடிச்ச லட்சணத்துல உங்களுக்குக் கடையில ஒரு வேலையே வாங்கிக் குடுத்திருக்கலாம். என் சீருடையே போச்சு! அன்னிக்கே கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு."

"கேக்க வேண்டியதுதானே! உன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எப்படிக் கேக்கறது? அவ்வளவு ஆசையா அடுக்கி வெச்சிருந்தீங்களே!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிதானமா..." என்று ஆரம்பித்தான் கொழுந்தன்.

"நீ சும்மா இரு" என்றாள் அண்ணி. "நீங்க சும்மா இருங்க" என்றாள் ஓரகத்தி. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. அவன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான். புத்திசாலி.

"போறதுன்னா போங்க! யாரு பிடிச்சு வெச்சிருக்கா?" என்று கத்தின ஓரகத்திக்கு, அந்த வாக்கியத்தின் முடிவில் குரல் உடைந்தது. "மாசக் கடைசியில போயிடுவீங்களோ, போயிடுவீங்களோன்னு பயந்துதான் இத்தனை நாளும் வாயைக் கட்டிப்போட்டு வெச்சிருந்தேன். எங்க சண்டையைப் பாத்தா யாரு இருப்பா? பொண்ணும் போயிட்டா. வேலை விட்டு வந்தா கதவைத் திறக்க ஒரு ஆள் இருக்கேன்னு எனக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? அதைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல எனக்கு. போங்க!"

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். அண்ணியும் லேசுப்பட்டவள் இல்லை. சாப்பிடாமல் எழுந்து, அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

படுத்தவள் காத்திருந்தாள். யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க, எழுந்து வாங்க" என்று கொழுந்தன் கெஞ்சுவான். தட்டை எடுத்துக்கொண்டு ஓரகத்தி வருவாள். அப்போது என்ன பதில் சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்தாள். ஒருவரும் வரவில்லை. அதற்குப் பதில் கூடத்தில் சத்தம் கேட்டது.

"எல்லாம் உங்களாலதான். அவங்க வந்த அன்னிக்கே சகஜமா இருப்போம்னு சொன்னேனா இல்லையா?"

"நீயா சொன்னே? நான் சொன்னேன்! நீதான் புதுக் கப் வாங்கிட்டு வந்து, அதுலதான் டீ குடுக்கணும்னு குதிச்சே!"

"கப் வாங்கினது ஒரு தப்பா? அக்காவுக்குன்னு ஒரு கப்பாவது நீங்க வாங்கினீங்களா இத்தனை வருஷத்துல?"

மூன்றாம் மாடியில், வீட்டுக்குள்ளேயே, முழுத் தொண்டையில். நடுவில் ஏதோ உருண்டு விழுந்தது. பாட்டிலாகத்தான் இருக்க வேண்டும். "பாத்தியா, பாத்தியா!" என்று கொழுந்தன் அலறினான். அண்ணி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தது எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். புருஷன் போன பிறகு பகலில் அவள் தூங்கியது அதுதான் முதல் தடவை.

எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. ரோஷத்தைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு வெளியே வந்தாள். கொழுந்தன் சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் ஓரகத்தி திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி மூடிகளைத் திறந்து பார்த்தாள்.

"உருளைக்கிழங்கு தீந்துபோச்சு" என்றாள் ஓரகத்தி சுவரைப் பார்த்து. "இருக்கறதைப் போட்டுச் சாப்பிடுங்க."

அண்ணி இருந்ததை வழித்துப் போட்டுக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆறி அவலாகப் போயிருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் போன் அடித்தது. பழைய வீட்டுச் சொந்தக்காரம்மா.

"என்னம்மா, மாசம் முடியப்போகுதே. ஒரு தகவலும் காணோம். அங்க எப்படி, நல்லா பாத்துக்கறாங்களா?"

"எங்க பாக்கறாங்க!" என்றாள் அண்ணி. குரல் கணீரென்று வந்தது. "மத்தியானம் சாப்பிடாம படுத்தேன், எழுப்ப ஒரு ஆளு இல்ல. எனக்குன்னு ஒரு துண்டு கிழங்குகூட எடுத்து வைக்கல. ஒருத்தி என் மூஞ்சியையே பாக்க மாட்டேங்கறா."

"அடக் கடவுளே! இவ்வளவு தூரத்துக்கு ஆயிடுச்சா? நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. வீடு அப்படியேதான் இருக்கு. நாளைக்கே கிளம்பி வந்துடுங்க."

சமையலறையில் துடைக்கிற சத்தம் நின்றுவிட்டது. அண்ணி போனைக் காதில் இன்னும் நன்றாக அழுத்திக்கொண்டாள். அடுப்படி வரைக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"நல்லா சொன்னீங்க போங்க! நான் எப்படி வர முடியும்? இங்க சண்டை பாதியில நிக்குது. வீட்டை வேற யாருக்காவது விட்டுடுங்க."